பட்டம் பெற்ற சரஸ்வதி

கையில் மைக் கிடைத்தால் எனக்கு மூளை வீட்டுக்குப் போய்விடும். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எண்பதுகளில், மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ் இளைஞர் மன்றத்தின் செயலாளராக மார்நிமிர்த்தித் திரிந்த இருபத்துமூன்று வயதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஒருநாள் மன்றத் தலைவர் போன் செய்தார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். சுருக்கமாகத்தான் பேசுவார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சரஸ்வதின்னு ஒரு பொண்ணுக்குப் பாராட்டு. பட்டம் வாங்கியிருக்கு. வாராவாரம் நம்ம பொண்ணுங்களுக்குக் கிளாஸ் எடுக்க ஹால் கேக்குது. எனக்கு மனசு வரல. நீ பேசு, கேட்டுட்டு முடிவு பண்றேன் லா."

பெயர் சரஸ்வதி, பட்டம், கிளாஸ். வேறென்ன வேண்டும்? பெண் கல்வி பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். (எதுகை மோனைக்கே இரண்டு பக்கம்.)

ஞாயிற்றுக்கிழமை பஸ் தாமதம். வேட்டி தடுக்க ஓடி நேராக மேடை ஏறினேன். பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த சரஸ்வதியின் இரண்டு விரல்களில் பிளாஸ்டர். எழுதி எழுதித் தேய்ந்த விரல்கள் என்று உருகிப்போனேன். மேடைக்குக் கீழே தடித்த மெத்தை ஒன்று விரித்திருந்தது. (பிரமுகர்கள் உட்காரவாம். அப்படித்தான் நினைத்தேன்.) முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள்.

"இது பேனா பிடித்த கை. அடிதடிக்குப் போகும் கையல்ல. ஆளை வீழ்த்துவதா பெண்ணுக்கு அழகு?" என்று முழங்கினேன். முன்வரிசை முகங்கள் வாடின. பேச்சு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

தலைவர் எழுந்தார். "அதான் நானும் சொன்னேன். செக்ரட்டரியே வேணாங்கிறாரு. ஹால் கிடையாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்கிலேயே சரஸ்வதியைக் கேட்டேன். "தாங்கள் எந்தத் துறையில் பட்டம் பெற்றீர்கள்?"

"ஜூடோண்ணே," என்றார். "ஸ்டேட் சாம்பியன் பட்டம்."

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் ஆசையில் மண்ணைப் போட்டது நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தலைவரே, பாக்காம முடிவு பண்ணாதீங்க. என்னையவே தூக்கிப் போட்டுக் காட்டச் சொல்லுங்க," என்று மெத்தைக்கு இறங்கினேன். (நான் எழுபத்தெட்டு கிலோ. அவரால் முடியாவிட்டால் நானே விழுந்துவிடலாம் என்று திட்டம்.)

"நெசமாவாண்ணே?"

"தாராளமா."

சரஸ்வதி இறங்கிவந்து முந்தானையை இடுப்பில் செருகினார். என் சட்டையைப் பிடித்தது தெரியும். அடுத்து நான் பார்த்தது கூரையில் சுற்றிய காற்றாடியை. நான் மெத்தையில் கிடந்தேன், என் வேட்டி இரண்டடி தள்ளிக் கிடந்தது. உள்ளே போட்டிருந்த, ஒன்பதாம் நம்பர் போட்ட கால்பந்து அரைக்கால் டவுசரை ஊரே பார்த்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவரின் மனைவி எழுந்துவிட்டார். "என்னங்க, மொத பேரு நம்ம மக பேரா எழுதுங்க."

அந்த வீட்டில் அவர்தான் தலைவர். ஹால் கிடைத்துவிட்டது. அழுத பெண் ஓடிவந்து மெத்தையில் குதித்தாள், சரியாக என் கால்மேல். எனக்கு வலியைவிட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. படுத்தபடியே கைதட்டினேன்.

"ஆனா புள்ளைங்க பழக ஒரு ஆளு வேணுமே," என்றார் சரஸ்வதி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆறு வருஷம் ஞாயிறுதோறும் விழுந்தேன். என்னைப் போட்டுப் பழகியவர்களில் நான்கு பேர் பட்டம் வாங்கினார்கள். (நான் நினைத்த பட்டத்தையும் இருவர் வாங்கினார்கள்.) இன்றும் கல்யாண வீடுகளில் ஓடிவந்து, "மொதமொத இந்த அண்ணனைத்தான் போட்டேன்," என்று கணவன்மாரிடம் காட்டுகிறார்கள்.

என் மனைவி மட்டும் என்ன குறைச்சல்? புதிதாக யார் வந்தாலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "இவரு பொம்பளைங்க முன்னேற்றத்துக்காக விழுந்து விழுந்து உழைச்சவரு."