அப்ரூவ் ஆன கை

"இசக்கி, உனக்குக் கண்ணு இருக்குதா, இல்ல அதையும் சேத்து அயன் பண்ணிட்டியா?"

குவாலிட்டி இன்சார்ஜ் பொன்னுச்சாமி ஒரு மேற்சட்டையை மேசைமீது வீசினார். சுருக்கம் சுருக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்பட்ட துணி அது. அயன் மாஸ்டர் இசக்கிமுத்து அதை வாழையிலை போல வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார்.

"சுருங்கிக் கெடந்துச்சு அண்ணாச்சி. பாவமா இருந்துச்சு, நீவி விட்டேன்."

"அப்ரூவ் ஆனதே சுருக்கந்தானப்பா! அதுக்குத்தான் வெள்ளக்காரன் ஆர்டரே குடுத்தான். அதைப் போயி தேச்சு எடுத்துட்டு வந்து நிக்கறியே! சாம்பிள் எப்படியோ, சரக்கும் அப்படி. இதுகூடத் தெரியாம பெட்டியப் புடிக்க வந்துட்டே!"

இந்த உபதேசத்தை அவர் அந்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, சுட்டுவிரலை ஆட்டி மீண்டும் ஆரம்பித்தபோது ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் குகன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, அந்தக் கைய அப்படியே வையுங்க." படம் எடுத்தான். "ஒண்ணுமில்லீங்ணா, சரக்கு வாங்கற பையருக்கு அனுப்பணும்."

மறுநாள் பதில் வந்துவிட்டது.

"உங்க கை அப்ரூவ் ஆயிருச்சுங்ணா! புது ஆர்டர், கை ஸ்லீவ். டப்பா மேல உங்க கைதான் வரப்போகுது. சனிக்கிழமை பையரே நேர்ல வர்றாரு, போட்டோ எடுக்கறோம். எம்.டி.கிட்டச் சொன்னேன். 'பையருக்கே அவர் கை புடிச்சுதுன்னா இன்னொரு வருஷம் இருக்கட்டும்'னுட்டாருங்க."

மேலே விளக்கம் கேட்பதற்குள் குகன் இன்னொரு போனில் இருந்தான். கேட்கவும் தோன்றவில்லை. இன்னொரு வருஷம்! அதுதான் பொன்னுச்சாமியின் காதில் தேனாகப் பாய்ந்தது. அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. ஓய்வென்றால், வெள்ளகோவிலில் மச்சான் நல்லானின் எண்ணெய் ஆலை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை நல்லானின் அரசியல் கருத்துகள். மனைவி ராமுத்தாய் அந்த நாற்காலிக்கு மெத்தைகூடத் தைத்து முடித்துவிட்டாள்.

ஸ்லீவ் என்றதும், வெயிலுக்கு மாட்டிக்கொண்டு வண்டியில் பறக்கும் இளவட்டங்கள்தான் அவர் கண்முன் வந்தார்கள்.

"அந்த ஸ்லீவ் யாருக்குன்னா அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தார் இசக்கிமுத்து.

"நீ உன்ற பெட்டியப் பாரு!"

மாலையில் வீட்டில் டியூப்லைட்டுக்கு அடியில் கையை நீட்டிப் பார்த்தபோதுதான் திக்கென்றது. தோல் மெலிந்து, வரிவரியாகத் தொங்கியது. கிள்ளிவிட்டால் கிள்ளிய இடத்திலேயே நின்றது.

"ஜி.எஸ்.எம். கொறஞ்சு போச்சு" என்றார், துணியின் கனத்தைப் பற்றிப் பேசும் அதே தோரணையில்.

"ஏனுங்க, வயசானா தோலு சுருங்காதுங்களா? என்னமோ புத்தி மட்டும் விரிஞ்சு போன மாதிரி!" என்றாள் ராமுத்தாய். ஆனாலும் தன் தம்பி நல்லானின் ஆலைத் தேங்காயெண்ணெயை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் பொன்னுச்சாமி தோள் முதல் விரல்வரை பூசிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். மத்தியானத்துக்குள் வெள்ளை பனியன் ஒரு கட்டு முழுக்கக் கறை.

"எந்த மெஷின் ஒழுகுது? ஒருத்தரும் ஊட்டுக்குப் போகக் கூடாது!"

மெக்கானிக் எல்லா மெஷின்களையும் கவிழ்த்துப் பார்த்து ஓய்ந்தான். கடைசியில் செக்கிங் பெண் ஜோதிகா ஒரு பனியனை முகர்ந்தாள்.

"சார், இது மெஷின் ஆயில் இல்லீங்க. தேங்காயெண்ணெய். கடுகு போட்டா தாளிச்சுரலாம்ங்க."

எல்லோர் கண்களும் பளபளக்கும் அந்தக் கைக்குத் திரும்பின. பொன்னுச்சாமி அவசர வேலையாகக் கழிவறைக்குப் போனார்.

எண்ணெய் உதவாதென்று தெரிந்ததும் அடுத்த ஞானோதயம் வந்தது: தேய்த்தால் பழைய தோல் போகும், புதுத் தோல் வரும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பயத்தமாவு, பீர்க்கங்காய் நார். புதுத் தோல் வரவில்லை. இருந்த தோல் இரண்டு இடத்தில் உரிந்து, மிச்சம் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது.

தோல் டாக்டர் ஷாஹிதா கையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"யாருங்க இப்படி அடிச்சது?"

"நானேதானுங்க."

"வயசானா தோல் மெலிசாயிரும்ங்க. லேசா இடிச்சாலே கன்னும். சுடுதண்ணி வேண்டாம், தேய்க்கவே வேண்டாம். குளிச்ச ஈரத்தோட வாசனையில்லாத கிரீம் பூசுங்க, வெயில்ல முழுக்கை போடுங்க. மெத்துன்னு இருக்கும்."

"சுருக்கம்?"

"கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

"சனிக்கிழமைக்குள்ள போகணும்ங்களே."

"வர்றதுக்கே அறுபது வருஷம் எடுத்திருக்குதுங்க. போறதுக்குச் சனிக்கிழமைன்னு தேதி குடுத்தா எப்படி?"

நியாயமான பேச்சு. ஆகவே பொன்னுச்சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கல்யாண மேக்கப் போடும் அனிதாவின் பார்லர் வாசலில் நின்றார்.

"பொண்ணு எங்கீங்க சார்?"

"பொண்ணெல்லாம் இல்லீங்க. இந்தக் கை மட்டுந்தான்."

அனிதா தொழில் தெரிந்தவள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் குழைத்தாள், பூசினாள், ஒற்றினாள், ஊதினாள்.

"முகூர்த்த மேக்கப்புங்க சார். வேர்த்தாலும் போகாது, அழுதாலும் போகாது. எங்ககிட்ட இருக்கற லிக்விட் வச்சுத் தொடச்சாத்தான் போகும்."

"அப்படித்தான் வேணும்!"

எழுந்தபோது பொன்னுச்சாமிக்கு அறுபது வயது. அவர் வலதுகைக்கு இருபத்தைந்து.

கம்பெனியில் காமிரா, விளக்கு, எம்.டி., நெடுநெடுவென்று பையர், எல்லாம் தயார். பொன்னுச்சாமி திரை விலக்குவதுபோல் சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

பையர் கையைப் பார்த்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பிடித்து, முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார். குகன் முகம் சாயம்போன துணியாயிற்று.

"என்னப்பா சொல்றாரு?"

"இது வேற கைங்கறாருங்ணா."

"அதே கைதான்! ஃபினிஷிங் மட்டும் கொஞ்சம் தூக்கலுன்னு சொல்லு."

"சாம்பிளுக்கும் இதுக்கும் ஒத்துப்போகலைங்கறாருங்ணா. அய்யோ, ஓடிப் போயிக் கழுவிட்டு வாங்க!"

பொன்னுச்சாமி குழாயடியில் நின்று கழுவினார். அனிதா தொழிலில் பொய் சொல்கிறவள் இல்லை. கை கல்யாணக் களையோடு மினுமினுத்தது. பையர் கடிகாரத்தைப் பார்த்தார், கோயம்புத்தூர் விமானத்துக்கு நேரமாயிற்றென்றார், போய்விட்டார். எம்.டி. பொன்னுச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் வெள்ளகோவில் பஸ் தெரிந்தது.

பொன்னுச்சாமிக்கு ஆற்றாமை பொங்கியது. ஈரக் கையை அயன் மேசைமீது ஓங்கி வைத்தார்.

"எம்பட கையில என்னப்பா கொறை கண்டான் அவன்? ஒரு சுருக்கம் காட்டு பாக்கலாம்!"

இசக்கிமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அதுதான் கொறை அண்ணாச்சி. அந்த ஸ்லீவு, தோலு மெலிஞ்சு சுருங்கிப்போன வயசாளிக கையில அடிபடாம இருக்கதுக்கு. அப்ரூவ் ஆனதே சுருக்கந்தான். அதைப் போயி தேச்சு எடுத்துட்டு வந்து நிக்கியளே!"