ரீடிங் குரூப்புக்குக் காப்பி போட்ட அக்கா

ஆண்டவன் காவலில் என்றும் சுகமாயிருக்க வேண்டிய என் தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைத்தும் நலம். அங்கு உன் பெண்டாட்டியின் கோபம் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

"போய்ப் பாருக்கா, படிப்பு வேண்டாம்னு அவ சொன்னா கையோட கூட்டிட்டு வந்துடு" என்று உன் மகளிடம் என்னை அனுப்பினாய். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் என்றால் ஒரு மூலையில் உட்கார்ந்து படிப்பது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம், கும்பலா கூடிப் படிக்கணுமாம். ரீடிங் குரூப்னு பேரு. காலேஜ்ல இவங்க கூடுற ரூம் கூரை ஒழுகுதுன்னு வாராவாரம் நம்ம பொண்ணு வீட்டுக்கே வந்துடுறாங்க. சோபாவுல ரெண்டு பேர், மிச்சப் பேர் தரையில, ஒருத்தன் என் துணிப்பெட்டி மேல. யாரோ எங்கேயோ எழுதின கட்டுரையை ஒருத்தர் எடுத்துச் சொல்ல, மத்தவங்க சேர்ந்து அதைக் கிழி கிழின்னு கிழிக்கிறாங்க. எழுதினவர் யாருடான்னு கேட்டா, மூஞ்சியே பார்த்ததில்லையாம்! பாவம், அந்த மனுஷனுக்கும் சேர்த்து நான் தினம் சாமிகிட்ட வேண்டிக்கிறேன். பெட்டி மேல உட்கார்றவன் வாயைத் திறந்தாலே 'ஆனா'ன்னுதான் ஆரம்பிப்பான். அதையே பேரா வெச்சுட்டேன். நான் வேண்டிக்கிட்டதாலதான் என் தம்பிக்குக் கிட்னிக் கல் கரைஞ்சுதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "ஆனா அத்தை, நீங்க வேண்டிக்காம இருந்திருந்தா கரைஞ்சிருக்காதுன்னு எப்படித் தெரியும்? மாத்திரையும்தானே சாப்பிட்டார்?"ங்கிறான். அடுத்த தடவை கல்லு வந்தா வேண்டிக்காம இருந்து பார்க்கலாமாம்! உன் நல்ல நேரம், நான் ஒத்துக்கலை.

சிரிக்காதே, சிரிப்பு இதோட சரி. இந்த வாரம் நம்ம பொண்ணு எழுதினதையே கிழிக்கப்போறாங்க. ஒரு கடையில விலை ஏறினா பக்கத்துக் கடையிலயும் ஏன் ஏறுதுன்னு மூணு வருஷமா எழுதுறா. போன தடவை முதல் பக்கத்தையே தாண்ட விடலையாம். எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் எழுதினவ வாயே திறக்கக்கூடாதாம், என்ன சட்டமோ! அன்னைக்கிலிருந்து தட்டுல சோத்தைப் பிசைஞ்சுட்டே உட்கார்ந்திருக்கா. "எனக்கு இது வராது அத்தை, உங்ககூடவே வந்துடுறேன்"னு நேத்து என் மடியில படுத்து அழுதா. எனக்கும் அலுத்துப்போச்சுடா. இதுங்களுக்கு டம்ளர் கழுவிக் கழுவியே கை தேய்ஞ்சுபோச்சு. சனிக்கிழமை வண்டிக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. ஸ்டேஷனுக்கு வா. அவளை ஒரு வார்த்தை கேட்காதே.

வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க அந்தத் தெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டப்போனேன், மணி அடிச்சுது. கும்பல் வந்துடுச்சு. "காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடுங்க அத்தை"ன்னுட்டு இவ பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. இன்னைக்கு எனக்கு விரதம், வாயில பொய் வருமா? கதவைத் திறந்து, "காய்ச்சல்னு சொல்லச் சொன்னா"ன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் திரும்பிப் போகலை. உள்ளே வந்து பேப்பரை எடுத்தாங்க. தம்பி, மத்தவங்க கட்டுரைன்னா பாதிப் பேர் கையில பேப்பர் சலவைச் சட்டை மாதிரி மடிப்புக் கலையாம இருக்கும். இவ எழுதினதுல? ஓரமெல்லாம் கிறுக்கல், மூலையெல்லாம் மடிப்பு, கடைசிப் பக்கத்துல காப்பிக் கறை. நான் போய்க் கதவைத் தட்டி, "வெளியே வாடி, கடைசி வரைக்கும் படிச்சுட்டு வந்திருக்குங்க"ன்னேன். வந்தா. அவங்க கிழிச்சாங்க, இவ வாயே திறக்காம எழுதிக்கிட்டா. நான்தான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். போறப்போ அந்த 'ஆனா' செருப்பை மாட்டிக்கிட்டே, "மூணாவது பக்கம் தப்பு, நாலாவதும் தப்பு"ன்னான். அப்புறம், "ஆனா விட்டுடாதே"ன்னான். இவ அப்புறம் உட்கார்ந்து ரெண்டாவது தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டா.

ஸ்டேஷனுக்கு வராதே. ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணியாச்சு. காலேஜ்ல கூரையைப் போன வாரமே சரி பண்ணிட்டாங்களாம், இதுங்க மூச்சு விடலை. என் மூக்குக்கண்ணாடியை உடனே அனுப்பு. பேப்பர் கசங்காம வர்றவங்களுக்கு இனிமே காப்பி கிடையாதுன்னு சொல்லிட்டேன், வாசல்லயே பார்க்கணும்.