என் வலிக்கு இரண்டு மார்க்

நான் இதுவரை சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது, 'ரெண்டு'. அதற்காகத்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். உட்கார்ந்தால் கடைக்கு லட்சணம் போய்விடுமாம். மாதத்தில் அந்த முதல் நாள் மட்டும் ஒரு ஸ்டூல் கேட்டேன். மேனேஜர் சிரித்தார்.

"எல்லா லேடீசுக்கும் உள்ளதுதானே ஸ்டெல்லா? உனக்கு மட்டும் அதிகமா வலிக்குதுன்னு என்னா ப்ரூஃப்?"

ப்ரூஃப்! (அவருக்குப் பல்வலி வந்தபோது மூன்று நாள் லீவு போட்டார். அந்தப் பல்லை அவர் யாருக்கும் காட்டவில்லை.)

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சின்னக் கம்பெனி, மாதவிடாய் வலிக்கு பெல்ட் செய்திருக்கிறோம், கட்டிப்பார்க்க ஆள் வேண்டும் என்று அறிவித்தது. மாத்திரை, ஊசி கிடையாது. வயிற்றில் கட்டிக்கொண்டால் சூடு கொடுக்கும். வலி எவ்வளவு என்று போனில் எண்ணாகக் காட்டும். எண் வந்தால் ஸ்டூலும் வந்துவிடும் என்று நம்பிப் பெயரைக் கொடுத்தேன். (மூளைக்கும் ஒரு பெல்ட் கேட்டிருக்கலாம்.)

முதல் மாதம் அந்த நாளில் கம்பெனி இன்ஜினியர் கடைக்கே வந்தார்.

"ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள எவ்ளோ வலிக்குது மேடம்? நீங்க சொல்றத வெச்சுத்தான் பெல்ட்டு கத்துக்கும்."

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் மேனேஜர் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவரோ முன்பின் தெரியாத ஆண்பிள்ளை. வாய் தானாக, "ஒண்ணும் பெருசா இல்ல சார்... ரெண்டு" என்றது. யாராவது காலை மிதித்தாலும் 'பரவால்லைங்க' என்று சொல்லப் பழக்கிய வளர்ப்பு.

பெல்ட் நல்ல மாணவி. என் உயிர் போகிற வலிக்குப் பெயர் 'இரண்டு' என்று கற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் முகூர்த்த சீசன். பிரான்சிலிருந்து ஒரு சொல்தா வீட்டம்மா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைத்தான் எங்கள் ஊரில் சொல்தா என்போம்), மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். முப்பதாவது புடவையை விரிக்கும்போது எனக்குக் கண் இருட்டியது. இதுதான் சமயம் என்று, போனில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் மேனேஜரிடம் நீட்டினேன்.

அவர் ஊருக்கே கேட்கும்படி படித்தார். "'இன்றைய வலி இரண்டு. சுறுசுறுப்பாக இருக்கிறீர்கள், வாழ்த்துகள்!' பாத்தியா? மெஷினே சொல்லிடுச்சு. அந்த மெரூன் கலர எடு."

கோபம் தலைக்கேறியது. அவர் மேல், பெல்ட் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் வாய் மேல். யூனிஃபார்ம் கோட்டுக்குள் கையை விட்டு பெல்ட்டை உருவி மேஜையில் அடித்தேன்.

"பத்து சார்! பத்து! போன மாசமும் பத்துதான்! பதினாலு வயசுலேர்ந்து பத்துதான்!"

கடையே திரும்பிப் பார்த்தது. புடவைக் குவியல் சரிந்தது. அதன்மேல் நானும் சரிந்தேன்.

சொல்தா வீட்டம்மா எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நீ குந்து கண்ணு. சார், இந்தப் பொண்ணு குந்திக்கினே காட்டட்டும். இல்லன்னா எனக்குப் பொடவையே வேணாம்."

மறுநாளே ஸ்டூல் வந்தது. என் வலிக்காக இல்லை, அன்று விற்ற எட்டுப் பட்டுப்புடவைக்காக. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீட்டில் அது தீராத கேலியாகிவிட்டது. குழம்பு எப்படி என்று கேட்டால் என் கணவர் அந்தோணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் பெருசா இல்ல சார்... ரெண்டு" என்பார். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

போன மாதம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "எத்தினிடி?" என்றார் அவர், வழக்கமான சிரிப்போடு.

"எட்டுப்பா" என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். "அம்மா கணக்குல ஒன்னர."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லப் போனை எடுத்தார். ப்ரூஃப் கேட்கவில்லை.