தன் புத்தகத்தையே எதிர்த்து வாதாடிய வக்கீல்

ஈஸ்ட் ஹாலோ, வெர்மான்ட்
1871 ஏப்ரல் 3

அன்புள்ள கேலெப் அண்ணனுக்கு,

தங்கை லவீனியா வணக்கமாக எழுதுவது. இல்லினாயில் நீங்களும் அண்ணியும் பன்றிகளும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே உங்கள் மாப்பிள்ளையின் மூளையைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

ஒன்பது வருஷமாக வக்கீல் தொழிலை ஓரங்கட்டிவிட்டு இந்த ஊரின் சரித்திரத்தை எழுதினாரே, அது புத்தகமாக வந்துவிட்டது. ஆடுகூட மேயத் தயங்குகிற ஊருக்கு அறுநூறு பக்கம்! இவர் கல்லறைக் கற்களை முட்டிபோட்டுப் படித்துக்கொண்டிருக்க, கட்சிக்காரர்களெல்லாம் பக்கத்து ஊர் வக்கீலிடம் போய்விட்டார்கள். மிஞ்சியவள் விதவை ஹல்டா ஒருத்திதான். அவளுடைய ஆற்றங்கரைப் புல்வெளி தன்னுடையது என்று ஆலைக்கார ஸ்ட்ராங் வழக்குப் போட்டிருந்தான். அது போனால் அவளுக்கும் அவளுடைய நாலு மாடுகளுக்கும் கதியில்லை.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. சேற்றில் வண்டி புதைந்து, நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடந்துபோய்ச் சேர்ந்தால், எதிர்க்கட்சி வக்கீல் இவருடைய புத்தகத்தையே விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறான்!

"எழுபத்தொண்ணாம் பக்கம், ஐயா. புல்வெளியை ஹல்டாவோட மாமனார் ஸ்ட்ராங் குடும்பத்துக்கு வித்துட்டாருன்னு தெளிவா இருக்கு. எழுதின மகான் இதோ உக்காந்திருக்காரு."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. ஹல்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவர் எழுந்தார்.

"அதை எழுதினது சுத்த முட்டாள், ஐயா. பத்திரத்தைப் பாக்காம ஊர்க்கதையை நம்பின ஜென்மம்."

"எழுதினவரை உமக்குத் தெரியுமா?" என்றார் ஜட்ஜ்.

"தினமும் சவரம் பண்ணிவிடறேனே!"

ஹல்டா வீட்டுப் பெட்டியடியில் தேடியெடுத்து வைத்திருந்த பத்திரத்தை நீட்டினார். விற்பனை இல்லை, ஏழு வருஷக் குத்தகைதான். புல்வெளி தப்பியது. ஆனால் மானம்? ஒன்பது வருஷ உழைப்பை ஒன்பது நிமிஷத்தில் தன் வாயாலேயே புதைத்துவிட்டு வந்த மனுஷனை என்னவென்று சொல்வது? போதகர் மனைவி வேறு, "புஸ்தகம் நல்ல கனம்மா, பாலாடைக்கட்டி அழுத்த வச்சிருக்கேன்" என்கிறாள். இவரோ ஒன்றும் நடக்காததுபோல் பீன்ஸை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இப்படிப்பட்டவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தீர்களே, அண்ணா!

அண்ணிக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் சோளத்தை ஆலங்கட்டி மழைக்குத் தப்புவிப்பாராக.

தங்கள் தங்கை,
லவீனியா வில்லார்ட்

பின்குறிப்பு: இதை மட்டும் அண்ணிக்கு வாசித்துக் காட்டாதீர்கள். எழுபத்தொன்றாம் பக்கம் இவர் எழுதியதல்ல. இவர் காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தபோது, அச்சுக்காரன் அவசரப்படுத்துகிறானே என்று அந்த அத்தியாயத்தை நான்தான் எழுதி அனுப்பினேன். அது இவருக்குத் தெரியும். ஊரே சிரித்தபோதும் நான் இருந்த பக்கம் இவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.