வெயிலில் சர்க்கரை உருக்குகிறவர்

கத்திரி வெயில் தொடங்கியதும் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஓர் இனம் தெருவுக்கு வந்துவிடும். நாயும் நிழல் தேடிப் படுத்துவிட்ட நேரத்தில், தொப்பிகூட இல்லாமல், கையை வீசி வீசி ஒருவர் நடந்து போகிறார் என்றால் அவர்தான். சர்க்கரை உருக்கி என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதைவிட முற்றிப்போன நோய், அதைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது.

அவருடைய சாஸ்திரம் எளிமையானது. வெயிலில் வியர்க்கிறது, வியர்வையோடு சர்க்கரை வெளியே போகிறது, ஆகவே எவ்வளவு வியர்வையோ அவ்வளவு ஆரோக்கியம். கல்யாணப் பந்தியில் நீங்கள் ஜாங்கிரியைத் தொட்டால் போதும், எதிர்வரிசையிலிருந்து ஒரு பார்வை வரும். காலையில் இன்சுலின் போட்டுக்கொள்வார். சாப்பாட்டை மட்டும், உழைத்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார். மருந்து எங்கே? ஸ்கூட்டர் டிக்கியில் வெந்துகொண்டிருக்கும். கேட்டுப் பாருங்கள். "மருந்து சார் அது. கெட்டுப்போறதுக்கு என்ன சாம்பாரா?"

எங்கள் காலனி யக்ஞநாராயணன் இந்த இனத்துக்கே தலைவர். போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போனோம். விடிந்ததும் முடித்துவிடலாம் என்றுதான் ஏற்பாடு; பேனர் வந்து, அதன் முன்னால் எல்லோரும் நின்று போட்டோ எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் கொடுத்தார்கள். வேன் ஓட்டும் எதிர்வீட்டு அந்தோணிசாமியின் கையிலிருந்ததைப் பிடுங்கிப் பெட்டியிலேயே திரும்பப் போட்டார் யக்ஞநாராயணன். "இது ஜூஸ் இல்ல, விஷம். அதுக்கு ஸ்ட்ரா வேற."

பிறகு குனிந்தார், பொறுக்கினார். சட்டை தொப்பலாக நனைந்தது. "பாருங்கோ, எப்படிக் கொட்டறது" என்று பெருமையாகக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் கை நடுங்கியது. சாக்கில் சேர்த்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, பத்திரமாக, மறுபடி ஏரியிலேயே விட ஆரம்பித்தார். நாங்கள் சிரித்தோம். அவர் மனைவி லோகநாயகி சிரிக்கவில்லை.

"இது வெயில் வேர்வை இல்ல. ஊசி போட்டுண்டு ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டார். சுகர் இறங்கிடுத்து. அந்த ஜூஸை எடுங்கோ."

வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். அந்தோணிசாமி ஸ்ட்ராவைக் குத்தி நீட்டினார். "இன்னா சார், கை இந்த ஆட்டம் ஆடுது. ஒரு வாய் குடி சார்."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். "எல்லாரும் பாக்கறா" என்றார், நாக்கு குழற.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவும் முடியாது. உயிர் போகிற நேரத்தில் மனிதர் மானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

லோகநாயகி நிமிர்ந்தார். "எல்லாரும் கொஞ்சம் ஏரியைப் பாருங்கோ."

அத்தனை பேரும் திரும்பி நின்று ஏரியைப் பார்த்தோம். அந்த ஏரியை அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் லோகநாயகியின் வளையல் குலுங்கும் சத்தம். அப்புறம் மெல்ல உறிஞ்சும் சத்தம். அப்புறம் ஸ்ட்ரா பாக்கெட்டின் அடியைத் தட்டும் சத்தம். கடைசியில் ஈனமாக ஒரு குரல்: "இன்னொண்ணு இருக்கா?"

எங்களுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. முகம் தெளிந்ததும் இட்லி கொடுத்து வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மறுநாள் தெருமுனையில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தோணி அவ்வளவு ஆசையா நீட்டினான். அவன் மனசு நோகப்படாதேன்னு குடிச்சேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனமே இல்லை. ஆனால் போன வாரம் உச்சிவெயிலில் மொட்டை மாடிக்குப் போய், கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, கீழே வந்ததும் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று வீட்டில் கேட்டார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?