பத்து மொட்டையும் ஒரு கிராப்பும்

அன்றைக்குத் திருப்பதி ஃபுட்பால் மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேஷு, எங்கள் கேப்டன், சுருட்டை முடி. முனிசாமி, இடது ஓரம் ஓடுகிறவன், நகரிப் பக்கம் விவசாயக் குடும்பம், குடுமி. பாஸ்கர், நடு வகிடு, தலையில் எப்போதும் அரைப்படி எண்ணெய். மற்ற ஏழு பேரும் ஆளுக்கு ஒரு தினுசு: செம்பட்டை, முள்ளம்பன்றி, இப்படி. (எல்லாம் அன்றைக்குக் காலை வரைக்கும்தான்.) கோலில் நான், தாவீது, கிராப்பு. கோட்டுக்கு வெளியே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். அவருக்குக் கொஞ்சம் தள்ளி, எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். சுற்றிலும் மலை இறங்கி வந்த யாத்ரீகர்கள்.

எங்களுடையது சித்தூர்க் காலேஜ் டீம். ஆனால் நான் அங்கே படிக்கவில்லை. மணி அடித்தேன். டெம்ப்ரவரி வேலை. படிப்பு மூன்றாம் ஃபாரத்தோடு, அதாவது எட்டாவதோடு, நின்றுவிட்டது. ஒரு நாள் அவர்களுக்குக் கோலுக்கு ஆள் இல்லை. "மணி அடிக்கிறவனும் காலேஜ்தானேடா, வந்து நில்லு" என்றான் சேஷு. நின்றேன். அதற்குப் பிறகு, திருப்பதி வரைக்கும், நாங்கள் தோற்கவில்லை.

நான் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம். பந்து என்னிடம் வரவே வராது. கோலிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். எல்லாருக்கும் ஒரே வெள்ளை பனியன். முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. அதனால் தலையைப் பார்த்துக் கத்துவேன். "சுருட்டை, குடுமிக்குக் குடு! குடுமி, நடுவகிட்டுக்கு!" அவர்களும் தலையைப் பார்த்துத்தான் பந்தைத் தள்ளுவார்கள். பந்து அந்தப் பக்கமே இருக்கும். நான் கோல் கம்பத்தில் சாய்ந்து வேர்க்கடலை தின்பேன்.

அந்த வருஷம் ஃபைனலுக்கு முந்தின ஆட்டத்தில் பாதி வரைக்கும் எங்களுக்கு ஒரு கோல் கடன். சேஷு மலையைப் பார்த்துக் கையெடுத்தான். (சித்தூரிலிருந்து மலை தெரியாது. அவன் பார்த்தது ஜெயில் பக்கம்.) "ஜெயிச்சா பதினோரு தலை மொட்டை" என்று வேண்டிக்கொண்டான். ஜெயித்தோம். ஃபைனல் திருப்பதியில் என்று முடிவானது.

"மேட்ச் முடிஞ்சு போடலாமே" என்றேன்.

"அறிவிருக்குதாடா உனக்கு? வட்டிக்காசுலவாடுடா அந்த மலைச்சாமி, வட்டி வாங்குறவரு. ஒரு நாள் தள்ளினாலும் வட்டி போடுவாரு. அவரு ஊர்லயே பாக்கி வெச்சுக்கினு ஆடச் சொல்றியா?"

"அப்போ என் தலை?"

சேஷு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க நைனா சர்ச்சுல மூப்பர். நீ மொட்டையோட போனா எங்க எல்லாரையும் வெட்டுவாரு. நீ கீழயே இரு."

யுத்த காலம், பெட்ரோல் இல்லை. கரியில் ஓடுகிற பஸ்ஸில் போனோம். புத்தலப்பட்டு தாண்டி ஒரு மேட்டில் இறங்கித் தள்ளினோம். அவர்கள் விடியற்காலை மலை ஏறினார்கள். நான் அடிவாரத்தில், அலிபிரியில், மூட்டைகளுக்குக் காவல். எனக்குள் ஒரே எண்ணம். போலீஸ் டீமுக்குக் கோல் ஆள் தேடி இன்ஸ்பெக்டர் வருகிறார். எடுத்தால் பர்மனென்ட் வேலை. வேலை கிடைத்தால் கம்பவுண்டர் பெண் கொடுப்பார். இல்லையென்றால் கோடை லீவோடு மணியும் போச்சு, பெண்ணும் போச்சு.

மதியம் பத்து பேர் இறங்கி வந்தார்கள். ஒருத்தன் வந்து மூட்டையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"யோவ், யார் நீ?"

"சேஷுடா!"

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்துவிட்டேன். அவ்வளவு அறிவு.

சாயந்திரம் ஆட்டம் ஆரம்பித்தது. கோலிலிருந்து பார்க்கிறேன். பத்து மொட்டை. பத்திலும் சந்தனம். யார் எவன் என்று கர்த்தருக்கே வெளிச்சம். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எது எவன் என்று தெரிந்தால்தானே பேர்? பழக்க தோஷத்தில் "குடுமி!" என்று கத்தினேன். ஒருத்தனும் திரும்பவில்லை. குடுமியே தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆத்திரத்தில் "ஏ மொட்டை!" என்றேன். எங்கள் ஆட்கள் பத்து பேரும் திரும்பினார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற யாத்ரீகர்கள் மொத்தமும் திரும்பினார்கள்.

சேஷு தலைகளைப் பார்த்தே பந்து தள்ளிப் பழகினவன். வெளியே வேட்டியும் பனியனுமாக நின்ற ஒரு மொட்டைக்கு அழகாகத் தள்ளினான். அந்தப் பெரியவர் பயபக்தியோடு பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பாஸ்கர் தலையால் முட்டினான். சந்தனத்தில் பந்து வழுக்கிப் பின்னால் போனது. பின்னால் இருப்பது யார்? நான்தான். வேர்வையில் சந்தனம் கரைந்து கண்ணில் இறங்க, பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார்கள். மலை ஏறின காலுக்கு அந்த ஓட்டமே பெரிசு.

இதில் ஓரமாக ஓடின முனிசாமியை ஒரு அம்மாள் காதைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"ஒரேய், இக்கட உன்னாவா! ரயிலு போதுந்தி ரா!"

பிள்ளையைக் காணோம் என்று தேடி வந்தவள். ரயில் கிளம்புகிறதாம்.

"ஐயோ அம்மா, நான் உன் புள்ள இல்லமா! வுடும்மா!"

முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாவம் என்று ஒரு லட்டும் கொடுத்து அனுப்பினாள். அவன் அதைத் துன்னுக்கினே ஓடி வந்தான். அதற்குள் அந்த ஓரமாக வந்து எங்களுக்கு ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

நான் விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன். அதுவரை என் பனியன் அழுக்கானதே கிடையாது. அன்றைக்கு வாயில் மண். முழங்கை போச்சு. பந்தின் வார் முடிச்சு பட்டு உதடு கிழிந்தது. பாதி ஆட்டத்தில் பார்த்தேன், கம்பவுண்டர் இருந்த இடம் காலி. (பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பிறகு சொன்னார். பஸ் மறுநாள் காலையில்தான்.)

ஆட்டம் முடிந்தது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது.

"பேர் என்னடா?"

"தாவீது சார்."

"சித்தூர்ல உன் மேட்ச் ரெண்டு பார்த்தேன். கடலை துன்னுக்கினு நின்னே."

"ஆமா சார்."

"நீ கோல்கீப்பரா, கடலை யாவாரியான்னு எனக்குத் தெரியல. இன்னிக்குத்தான் உன்கிட்ட பந்து வந்துது." பூட்ஸால் மண்ணைத் தள்ளினார். "வேற எவனாவது நின்னிருந்தா ஸ்கோர் எழுத சிலேட்டு பத்தியிருக்காது. திங்கக்கிழம ஆபீசுக்கு வா."

வேலை கிடைத்தது. கம்பவுண்டருக்குத் திடீரென்று என் மேல் நம்பிக்கை வந்தது. கல்யாணமும் ஆனது.

டீம் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. முடி வளர்ந்தபோது எல்லாருக்கும் ஒரே அளவாக வளர்ந்தது. முனிசாமியும் கிராப்பே நல்லா இருக்குது என்று குடுமியை விட்டுவிட்டான். எனக்குப் பதில் நின்றவன் நிஜமாகவே படிக்கிற பையன். "மிஸ்டர் சேஷாசலம், தயவுசெய்து இடது பக்கம்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பந்து எங்கள் கோலில் கிடக்கும். பிரின்ஸ்பால் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்றார். டிரில் மாஸ்டர் ரேஷன் அரிசி மேல் பழி போட்டார். சேஷுவைக் கேட்டால் வேறு கணக்கு.

"பதினோரு தலைன்னு வேண்டிக்கினேன். பத்துதான் குடுத்தோம். அந்த ஒண்ணுக்கு வட்டி ஓடிக்கினு இருக்குது. எல்லாம் உன் கிராப்புடா."

என் வீட்டுக்காரி இதை விடுவதில்லை. நான் யூனிஃபாரம் போட்டு நிற்கிற போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்து, அய்யா பெரிய பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணித்தான் போலீசானாரா என்று கேட்பார்கள். அவள் சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"எங்க வீட்டுக்காரரு பரீட்சை எழுதலம்மா, கோல் வுட்டாரு. எத்தினின்னு அவரையே கேளுங்க."

ஒன்பது.