கார் போன இடமெல்லாம்

காரை விற்று மூன்று மாதமாகியும் அது தபாலில் வீட்டுக்கு வந்துகொண்டேயிருந்தது. இன்று வந்த உறையில் ஒரு மலைப்பாதை. வளைவில் கார் திரும்பும்போது பின்னாலிருந்து கேமரா எடுத்த படம். நம்பர் பலகை பளிச்சென்று தெரிந்தது. கீழே, 'வாகன உரிமையாளருக்கு' என்று விளித்து, அதிவேகத்துக்கான அபராத நோட்டீஸ்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முந்தைய இரண்டு நோட்டீஸ்களிலும், ஓட்டியவரின் உரிம எண் கேட்ட இடத்தில் தன்னுடையதையே எழுதி அபராதம் கட்டியிருந்தார். மூன்றாவது முறையும் எழுதினால் உரிமத்தை ஒரு வருடத்துக்கு முடக்கிவிடுவார்கள். பேருந்து வேலையும் அத்தோடு சரி.

தப்பு தன் மேல்தான் என்று அவருக்குத் தெரியும். விற்றவர் பதினான்கு நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் படிவம் சட்டைப் பையிலேயே தங்கி, துவைக்கும் இயந்திரத்துக்குள் போய், உருண்டையாகத் திரும்பி வந்தது. வேறு படிவம் கேட்க வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

வாங்கியவர் யாரென்றும் தெரியாது. பார்ட்டிக்குக் கூச்ச சுபாவம், நேரில் வராது என்றார் மெக்கானிக். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் இவர் கையெழுத்துப் போட்டார். இப்போது போய்க் கேட்டால் மெக்கானிக் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். வெளியே தெரிகிற இரண்டு கால்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

"எதுக்குங்க வம்பு? குடுங்க, இதை நானே கட்டிடுறேன்" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? சட்டப்படி பொறுப்பு என்னோடது."

அவள் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மலை அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அழகாகத்தான் இருந்தது. அவரிடம் இருந்தவரை அந்தக் கார் காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவருக்கு, வீட்டுக்கு வந்து கார் சாவியைப் பார்த்தாலே தூக்கம் வந்துவிடும். எங்கேயாவது போய் வரலாமா என்று மனைவி கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்றார். அந்த மாதம் காலண்டரிலேயே இல்லை.

இப்போதோ சிக்னலில் பேருந்து நிற்கும்போதெல்லாம் எதிரே முதல் படத்துக் கடற்கரைச் சாலை விரிந்தது. பிள்ளைகளின் கூச்சல் அலைச் சத்தமாகி மெல்ல விலகியது. இரண்டாம் படத்து ஏரிப் பனி கண்ணாடியில் படிந்தது. அதற்குள் நுழைந்து அவருடைய பழைய கார் சத்தமில்லாமல் போய்க்கொண்டேயிருந்தது. பின்னாலிருந்து பத்து ஹாரன்கள் சேர்ந்து அடித்தால்தான் திரும்பி வருவார். முகம் தெரியாத யாரோ அந்தக் காரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது. கோபத்தைவிட அதுதான் அதிகம்.

இருந்தாலும் உரிமம் முக்கியம். காரை விற்றாயிற்று, ஓட்டியது நானல்ல என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். உரிமையாளரின் கையெழுத்து பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது.

வயதாக ஆகக் கையெழுத்தும் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாக நோட்டு வாங்கி, இளமைக் காலத்துக் கையெழுத்தை எழுதி எழுதிப் பழகினார். சுழியெல்லாம் சரியாக விழுந்த பிறகு மறுபடியும் அனுப்பினார். இந்த முறை ஆள்மாறாட்டம் என்று சந்தேகிப்பதாகவும், நேரில் வந்து விளக்காவிட்டால் உரிமத்தை உடனே முடக்குவதாகவும் பதில் வந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். கவுன்டரில் ஒரு பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: உருண்டையான படிவம், மெக்கானிக்கின் கால்கள், கையெழுத்து நோட்டு உட்பட.

"எவ்வளவு அபராதம்னாலும் கட்டிடுறேன்மா. லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஆள் யாரென்று மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டார். சண்டைக்கு இல்லை, ஒரு நாள் தன்னையும் அந்தக் காரில் ஏற்றிக்கொள்வாரா என்று கேட்கத்தான்.

அவள் கணினியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வித்த வாரமே பேர் மாத்தியாச்சே சார். ஏத்திக்குவாங்களான்னு வீட்டுல போய் உங்க சம்சாரத்தைத்தான் கேக்கணும்."